தோழர் என்ற சொல்லும் ஈரோட்டுப் பெரியாரும்

நண்பர்களே, தோழிகளே!

நம்ம யூனியன் மேடையில் யார் மைக்கைப் பிடித்தாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல். இரண்டு பேருக்கும் ஒரே சொல் போதும் என்று 1932-லேயே ஒருவர் எழுதிவிட்டார். அவருடைய வாழ்க்கையை இந்த ஒரு பக்கத்திலிருந்து மட்டும் சொல்கிறேன். கடவுள் மறுப்பு, இந்தி எதிர்ப்பு பற்றியெல்லாம் லைப்ரரியில் ஏகப்பட்ட புத்தகங்கள் இருக்கின்றன. அதை அங்கே படித்துக்கொள்ளலாம்.

ஈ.வெ.ராமசாமி 1879 செப்டம்பர் 17-ல் ஈரோட்டில் பிறந்தார். வசதியான வியாபாரக் குடும்பம். பள்ளிப் படிப்பு சில வருஷத்தோடு நின்றுபோக, சின்ன வயசிலேயே அப்பாவின் மண்டிக்கடையில் உட்கார்ந்தார். பிறகு ஈரோடு நகரசபைத் தலைவரானார். ஊரே அவரை நாயக்கர் என்றுதான் மரியாதையாகக் கூப்பிட்டது. பெயரைச் சொல்லாமல் ஜாதியைச் சொல்வதுதான் அன்றைக்கு மரியாதை. இன்றைக்கும் நம்ம பள்ளத்தாக்கில் சில டீக்கடைகளில் அந்த மரியாதை செத்துப்போகவில்லை.

கம்பத்தில் பஸ் ஏறி, குமுளி, பீர்மேடு வழியாக மலை இறங்கினால் கோட்டயம். அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் வைக்கம். 1924-ல் அங்கே கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது. திருவிதாங்கூரில் தெரு மட்டுமா மூடிக்கிடந்தது? பேச்சும் மூடிக்கிடந்தது. மேல்ஜாதிக்காரன் முன்னால் நின்று ஒரு புலையர் 'நான்' என்று சொல்லிவிட முடியாது. 'அடியன்' என்றுதான் தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும். காங்கிரஸ் தலைவராக இருந்த ராமசாமி அந்தப் போராட்டத்துக்குப் போனார், இரண்டு தடவை சிறை சென்றார். மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் அங்கே வந்து பெண்களைத் திரட்டினார்கள். அடுத்த வருஷம் மூன்று பக்கத் தெருக்கள் திறக்கப்பட்டன. 2024 டிசம்பரில் அங்குள்ள அவருடைய நினைவகத்தைப் புதுப்பித்து, இரண்டு மாநில முதல்வர்களும் வந்து திறந்து வைத்தார்கள். சபரிமலைக்கோ குமரகத்துக்கோ போகிறவர்கள் எட்டிப்பார்க்கலாம்.

1925-ல் 'குடிஅரசு' பத்திரிகையைத் தொடங்கினார். 1927 டிசம்பரில் அதன் முகப்பில் தன் பெயருக்குப் பின்னாலிருந்த நாயக்கரை எடுத்துவிட்டார். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் ஜாதிப் பட்டத்தை விடவேண்டும் என்றும், பெண்ணுக்கும் சொத்தில் சமபங்கு வேண்டும் என்றும் தீர்மானம் போட்டார்கள். இரண்டும் ஒரே மாநாட்டில் வந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

1931 கடைசியில் கப்பலேறி ஐரோப்பா, சோவியத் ரஷ்யா எல்லாம் சுற்றிவிட்டு 1932 நவம்பரில் திரும்பினார். வந்த கையோடு குடிஅரசில் ஒரு வேண்டுகோள் வைத்தார். ஸ்ரீ, ஸ்ரீமதி, திருவாளர், மகா-ள-ள-ஸ்ரீ எதுவும் வேண்டாம். இனி எல்லோரும் தோழர்தான். பெண்களுக்கும் தோழர்தான், தோழி இல்லை. தோழி என்றால் பழைய பாட்டில் தலைவிக்காகத் தூது போகிறவள். தோழர் அப்படியில்லை, பக்கத்தில் சமமாக நிற்பவர். அந்த 'அர்' விகுதி ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காது. கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்றும் கேட்காது. செல்வி, திருமதி எல்லாம் அதைத்தானே முதலில் கேட்கின்றன? ஆணுக்கு மட்டும் எப்போதும் திரு. செல்வன் என்பது கல்யாணப் பத்திரிகையோடு சரி.

எழுத்தில் 'அவர்' என்றால் இருபாலும் அடங்கும். பேச்சில் பாருங்க, 'அவரு' என்றாலே ஆம்பளைதான். நம்ம பக்கம் மரியாதைக்கு 'அவுக' இருக்கிறது, ஆனால் அது டீச்சரம்மாவுக்கும் டாக்டரம்மாவுக்கும்தான் கிடைக்கிறது. விடிகாலையில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் பொம்பளைக்கு 'அவ'தான், 'ஏ புள்ள'தான். நான் சிவில் பிரிவு. கொத்தனார் என்ற சொல்லில் 'ஆர்' இருக்கிறது. அவருக்குக் கலவை தூக்கிக்கொடுக்கும் பெண் சித்தாள், வெறும் ஆள். கூலியும் அந்த விகுதி மாதிரியேதான் இருக்கிறது.

1938 நவம்பர் 13-ல் சென்னையில் தமிழ்நாடு பெண்கள் மாநாடு நடந்தது. மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை தலைமை. டாக்டர் தருமாம்பாள், மூவலூர் ராமாமிர்தம், மீனாம்பாள் சிவராஜ் போன்றவர்கள் முன்னின்ற மாநாடு அது. பேச்சிலும் எழுத்திலும் இவரைப் பெரியார் என்றே குறிப்பிடவேண்டும் என்று அங்கே தீர்மானமானது. நாயக்கரை அவரே கழற்றிப் போட்டார், அந்த இடத்தில் ஒரு புதுச்சொல்லைப் பெண்கள் வைத்தார்கள். மறுநாளே தருமாம்பாளும் ராமாமிர்தமும் இன்னும் சிலரும் இந்தி எதிர்ப்பு மறியலில் கைதானார்கள். மாநாட்டில் பேசிப் பெண்களைத் தூண்டினார் என்று பெரியார் மேலும் வழக்கு வந்தது, சிறைத் தண்டனையும் விதித்தார்கள்.

நேரில் பழகும்போதும் அவர் அப்படித்தான் என்கிறார்கள். பார்க்க வந்தவர் பள்ளிக்கூடப் பையனானாலும் வாங்க, உட்காருங்க என்றுதான் பேச்சு. எனக்கு இது மாநாட்டுத் தீர்மானத்தைவிடப் பெரிசாகத் தெரிகிறது. தீர்மானத்துக்குக் கை தூக்குவது சுலபம். நம்ம ஹாஸ்டலில் சமையல் மாஸ்டரின் உதவியாளரை, அவருக்கு வயசு ஐம்பதானாலும், எத்தனை பேர் வாங்க என்கிறோம்?

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். தோழர் என்ற சொல் அவருடைய இயக்கத்தாரிடம் நின்ற அளவுக்கு வெளியே பரவவில்லை. நம்ம பக்கத்தில் அதை விடாமல் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் செங்கொடிச் சங்கத்துக்காரர்கள். தமிழ்நாட்டு மேடைகள் அவரையே தந்தை பெரியார் ஆக்கிவிட்டன. 1933-ல் நாகம்மையார் இறந்தார். 1949-ல் அவர் மணியம்மையாரை மணந்தபோது இயக்கம் இரண்டானது. 1973 டிசம்பர் 24-ல் பெரியார் மறைந்ததும் திராவிடர் கழகத்தின் தலைமைக்கு மணியம்மையார் வந்தார். நெருக்கடிநிலை காலத்தில் சிறைக்குப் போனவர்களை எல்லாம் வைத்துக்கொண்டு, 1978-ல் சாகும்வரை கழகத்தை நடத்தியவர் அவர். பெரிய ஒரு இயக்கத்தின் தலைவர், ஒரு பெண். ஆனால் சுவரொட்டியிலும் சிலைப் பீடத்திலும் அவருக்கு முன்னால் நிற்கும் சொல் தலைவர் அல்ல, தோழரும் அல்ல. அன்னை.