டாக்டர் டி. எம். நாயர்: மருத்துவமும் அரசியலும்

நீதிக்கட்சியின் வரலாற்றை எடுத்துரைப்போர் தியாகராயர், நடேசனார், நாயர் என மூவர் பெயரை ஒருசேர மொழிவது மரபு. மூவருள் தியாகராயர் வணிகப் பெருங்குடியினர். நடேசனாரும் நாயரும் மருத்துவர்கள். தாம் கண்ட கட்சி ஆட்சிப் பீடம் ஏறியதைக் காணும் பேறு நாயருக்குக் கிட்டவில்லை. கட்சி தோன்றிய பின் அவர் உயிர்வாழ்ந்தது இரண்டு ஆண்டும் எட்டுத் திங்களுமே. தேர்வுக்காக அவர் பெயரை மனனம் செய்யும் நம் மாணவர்களுள், அவர் காது, மூக்கு, தொண்டை நோய்களுக்கு அறுவை செய்வதில் தேர்ந்தவர் என்பதை அறிந்தோர் மிகச் சிலராகவே இருப்பர். அக்குறையைச் சிறிதேனும் போக்க முயல்கின்றோம்.

தாரவாட் மாதவன் நாயர் 1868ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் மலபாரில் பிறந்தார். தந்தையார் சங்கரன் நாயர் மாவட்ட முன்சீபாகப் பணியாற்றியவர். பாலக்காட்டில் பள்ளிக் கல்வியும் சென்னை மாநிலக் கல்லூரியில் மேற்கல்வியும் பெற்ற மாதவன் நாயர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். ஆயினும் அங்குப் படிப்பை நிறைவு செய்யாமலே கடல் கடந்து எடின்பரோ சென்றார், 1894இல் மருத்துவம், அறுவை மருத்துவம் ஆகிய இரண்டிலும் பட்டம் பெற்றார், 1896இல் எம்.டி. பட்டமும் பெற்றார். காது, மூக்கு, தொண்டை மருத்துவத்தில் தனித்திறம் பெறும் பொருட்டுப் பாரிசு நகரம் சென்று பயின்றார். அந்நாளில் இத்துறையைத் தனித் துறையாகக் கொண்ட இந்திய மருத்துவர் அரியர்.

படிக்கச் சென்ற இடத்திலேயே அரசியலும் அவரைப் பற்றிக்கொண்டது. தாதாபாய் நௌரோஜி தலைமை தாங்கிய இலண்டன் இந்தியர் சங்கத்தில் அவர் ஈடுபட்டு உழைத்தார். 1897இல் சென்னை மீண்டு மருத்துவத் தொழிலைத் தொடங்கிய போது அவர் காங்கிரசுக்காரராகவே இருந்தார். பின்னாளில் காங்கிரசின் கடும் பகைவராக விளங்கியவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவ்வியக்கத்தைச் சார்ந்தே நின்றார் என்பதை மறத்தலாகாது.

1904இல் தொடங்கப்பெற்ற 'ஆன்டிசெப்டிக்' என்னும் மருத்துவத் திங்களிதழுக்கு அவர் ஆசிரியரானார். மருத்துவர்களுக்கென நடந்த அவ்விதழ் ஒருமுறை நீதிமன்றப் படியும் ஏற நேர்ந்தது. பிரும்மஞான சபையைச் சார்ந்த லெட்பீட்டரைக் கண்டித்து அதில் வெளிவந்த கட்டுரைக்காக அன்னிபெசன்ட் அம்மையார் வழக்குத் தொடுத்தார். 1913இல் அவ்வழக்கு அம்மையாருக்கு எதிராகவே முடிந்தது. பின்னாளைய அரசியற் பகைக்கு வித்து இங்கேயே விழுந்துவிட்டது எனலாம்.

நாயர் வாழ்வில் நாம் மிகுதியும் போற்றுவது கட்சி தோன்றுவதற்கு முன் நிகழ்ந்த ஒரு பணி. அதனை மேடைகளில் எடுத்துரைப்போர் குறைவு. 1907ஆம் ஆண்டில் இந்திய அரசு தொழிற்சாலைத் தொழிலாளர் நிலையை ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. நாயர் அதில் ஓர் உறுப்பினர். அக்காலத்தே பம்பாய் ஆலைகளில் மின்விளக்கு புகுந்துவிட்டது. கதிரவன் மறைந்தாலும் நூற்புக் கதிர்கள் ஓயவில்லை. தொழிலாளர் நாளொன்றுக்குப் பதினான்கு, பதினைந்து மணி நேரம் உழைத்தனர். வயது வந்த ஆடவர் உழைக்கும் நேரத்தைச் சட்டத்தால் நேரே வரையறுத்தல் ஆகாது என்று ஆணையத்தின் பெரும்பான்மையினர் கருதினர். சிறார்க்கும் மகளிர்க்கும் வரம்பு விதித்தால் ஆடவர் நேரமும் தானே குறையும் என்பது அவர்தம் நம்பிக்கை. நாயர் இதற்கு இசையவில்லை. ஆடவர்க்கும் பன்னிரண்டு மணி நேரம் என நேரடியாகவே வரம்பு கட்ட வேண்டும் என்று தனித்து மறுப்புரை எழுதினார். மூச்சுக்குழலையும் தொண்டையையும் நாள்தோறும் சோதித்துப் பழகிய மருத்துவர், பஞ்சுத் தூசி நிறைந்த கூடங்களில் பதினைந்து மணி நேரம் நிற்கும் உடலைச் செலவுக் கணக்காக மட்டும் நோக்கியிருத்தல் இயலாது என்று நாம் எண்ணுகின்றோம். 1911ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் ஆடவர்க்கும் பன்னிரண்டு மணி நேர வரம்பை விதித்தது. ஆணையத்தில் சிறுபான்மையாக நின்ற கருத்து சட்டத்தில் வென்றது. பன்னிரண்டு மணி நேரம் என்பதே இன்று நமக்குக் கொடுமையாகத் தோன்றும். அன்று அது பெறற்கரிய பேறு.

சென்னை மாநகராட்சியில் 1904 முதல் திருவல்லிக்கேணியின் உறுப்பினராக அவர் அமர்ந்திருந்தார். அங்கே அவருக்கும் தியாகராயருக்கும் நேர்ந்த பூசல் ஊரறிந்தது. பார்த்தசாரதிப் பெருமாள் கோயில் குளத்துக்கு மாநகராட்சி நீரைக் கட்டணமின்றி விடலாகாது என்றார் நாயர். தியாகராயர் அதற்கு உடன்படவில்லை. தம் கருத்து தோல்வியுறவே நாயர் பதவியைத் துறந்தார். சினம் கொண்டால் எளிதில் தணியாத இயல்பினர் அவர். முதல் உலகப் போர் மூண்ட காலத்தில் 'மெட்ராஸ்' என்னும் மருத்துவக் கப்பலில் அறுவை மருத்துவராகப் பணிபுரிந்தார். 1916இல் தில்லி சட்டமன்றத்துக்கான தேர்தலில் தோல்வி கண்டார். கல்வியிலும் உத்தியோகத்திலும் ஒரு சிறு வகுப்பாரே மேலோங்கியிருக்கும் நாட்டில், தகுதியிருந்தும் ஏனையோர்க்கு வாயில் திறவாது என்ற எண்ணம் அவருள் உறுதிப்பட்டது இக்காலத்தேதான்.

முரண்பட்டு நின்ற இருவரையும் ஓரிடத்தில் அமரச் செய்தவர் நடேசனார். பார்ப்பனரல்லாத மாணவர் தங்கிப் பயிலத் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' நடத்திய அப்பெருந்தகைக்கு இயக்கத்தின் தேவை தனிமனிதர் மனத்தாங்கலினும் பெரிதாகத் தோன்றியது. 1916ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் சென்னை வேப்பேரியில் கூடிய தலைவர்கள் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்துக்கு வித்திட்டனர். 1917 பிப்ரவரி 26ஆம் நாள் 'ஜஸ்டிஸ்' ஆங்கில நாளேடு வெளிவந்தது, நாயரே ஆசிரியர். பிரெஞ்சு நாட்டின் கிளமென்சோவிடம் நாயர் பெருமதிப்புக் கொண்டவர். அவரும் மருத்துவராக இருந்து அரசியலுக்கு வந்தவர். அவர் நடத்திய ஏட்டின் பெயர் 'லா ஜஸ்டிஸ்'. சென்னை ஏட்டின் பெயர் அதனின்றும் பிறந்தது என்பர். ஏட்டின் பெயரே பின்னர்க் கட்சியின் பெயராயிற்று.

1917 அக்டோபர் 7ஆம் நாள் சென்னை ஸ்பர்டேங்கில் ஒடுக்கப்பட்ட மக்களிடையே நாயர் ஆற்றிய உரை பெரிதும் பேசப்பட்டது. அவர் நாவின் கடுமை மாற்றாரைச் சுட்டது போலவே நண்பரையும் சில வேளை அஞ்ச வைத்தது. ஆங்கில ஆட்சி நீடிக்க வேண்டும் என்ற அவர் நிலைப்பாட்டை அன்றே பலர் கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயம் இல்லையென்று நாம் கூறமாட்டோம். ஆனால் வெள்ளையர் அகன்ற பின் அதிகாரம் எவர் கைக்குச் செல்லும் என அவர் எழுப்பிய வினாவுக்கு எதிர்த்தரப்பார் தெளிவான விடை கூறவில்லை என்பதும் உண்மை. 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் இசுலாமியர்க்குத் தனித் தொகுதி கிடைத்திருந்தது. அத்தகைய காப்பு பார்ப்பனரல்லாதார்க்கும் வேண்டும் என்பதே நாயரின் கோரிக்கை.

மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தம் உருவாகி வந்த வேளையில், 1918இல் அவர் உடல்நலத்தின் பொருட்டு இங்கிலாந்து சென்றார். அங்கு அரசியல் பேசலாகாது என்று தடை விதிக்கப்பட்டது. பிறர் தொண்டைக்கு மருத்துவம் செய்தவரின் தொண்டையை அரசு அடைத்தது. பாராளுமன்றப் பிரபுக்கள் சிலர் தலையிட்டதன் பயனாகத் தடை நீங்கிற்று. நாயர் தம் வழக்கை அங்கு எடுத்துரைத்தார். மறு ஆண்டு, சீர்திருத்த மசோதாவை ஆராயும் பாராளுமன்றக் கூட்டுக்குழுவின் முன் சான்றளிக்க மீண்டும் கடல் கடந்தார். உடல் முன்னரே நலிந்திருந்தது. தம் நோயின் தன்மையை மருத்துவரான அவர் அறியாதிருக்க வழியில்லை. அறிந்தே கப்பலேறினார் என்றுதான் கொள்ள வேண்டும். குழுவின் முன் நாவசைக்கும் முன்னரே, 1919 சூலை 17ஆம் நாள், தமது ஐம்பத்தொன்றாம் வயதில் இலண்டனில் உயிர் நீத்தார். கோல்டர்ஸ் கிரீனில் அவர் உடல் எரியூட்டப்பெற்றது.

அவர் சொல்ல இருந்தவற்றைக் கே. வி. ரெட்டி நாயுடு, ஏ. இராமசாமி முதலியார் முதலியோர் சென்று கூறினர். மெஸ்டன் பிரபுவின் தீர்ப்பால் சென்னைச் சட்டமன்றத்தில் பார்ப்பனரல்லாதார்க்கு 28 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1920 டிசம்பரில் நீதிக்கட்சி அமைச்சரவை அமைந்தது. சில ஆண்டுகளின் பின் முத்தையா முதலியார் அமைச்சராயிருந்த போது நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி ஆணையில், பன்னிரண்டு பதவிகளுள் ஐந்து பார்ப்பனரல்லாதார்க்கும் இரண்டு இசுலாமியர்க்கும் உரியவாயின. அக்கட்சியின் ஆட்சியில் எழுந்த தியாகராய நகரில் தியாகராயர்க்கும் நடேசனார்க்கும் அருகே நாயர்க்கும் ஒரு சாலை உண்டு. 'டாக்டர் நாயர் சாலை' என்னும் அப்பெயர்ப் பலகையைக் கடந்து நாள்தோறும் செல்வோர் பல்லாயிரவர்.