யோ-யோ சக்கரம்

லெகோ என்றாலே எனக்குப் பிளாஸ்டிக் கட்டைகள்தான் நினைவுக்கு வரும். அதைத் தொடங்கிய ஓலே கிர்க் கிறிஸ்டியன்சனோ டென்மார்க்கின் பில்லுண்ட் ஊர்த் தச்சர். 1932ஆம் ஆண்டில் தச்சு வேலை குறைந்தது, மனைவியும் இறந்தார். நான்கு மகன்களோடு நின்றவர், மரத்தில் கார், லாரி, வாத்து எனப் பொம்மைகள் செய்தார். 12 வயது மகன் கோட்ஃபிரெட் பட்டறையில் துணைக்கு வந்தான். விற்காமல் தேங்கிய யோ-யோக்களைக்கூட இரண்டாகப் பிளந்து பொம்மை லாரிக்குச் சக்கரமாக்கினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்!

அவ்வளவு சிக்கனமானவர், ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று முறை வார்னிஷ் பூச வேண்டிய வாத்துகளுக்கு இரண்டே முறை பூசி, காசு மிச்சம் என்று மகன் பெருமைப்பட்டான். ரயில் நிலையத்துக்குப் போன பெட்டிகளைத் திருப்பி எடுத்துவரச் சொன்னார் தந்தை. இரவு முழுவதும் தனியாக உட்கார்ந்து மூன்றாம் பூச்சை முடித்தான் மகன். 1958இல் ஓலே கிர்க் மறைந்தபின் நிறுவனத்தை நடத்தியவர் அதே கோட்ஃபிரெட்தான்.