என். கே. பணிக்கர்

என். கேசவ பணிக்கர் (1913 - 1977) இந்தியக் கடல் உயிரியலாளரும் மீன்வள நிர்வாகியும் ஆவார். இறால்களின் உடலியங்கியல் குறித்த ஆய்வுகளுக்காக அறியப்படுகிறார். அப்போது மண்டபத்தில் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராகவும், தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநராகவும் பணியாற்றினார். ஆய்வாளர்களையும் மீன்வளத்தை நிர்வகிக்கும் அலுவலர்களையும் ஒரே துறையினராக ஒன்றிணைக்கும் அமைப்புகள் இந்தியாவில் உருவான காலத்தில் அவற்றின் முன்னணியில் இருந்தவர் இவர்.

சென்னையில் ஆய்வு

இன்றைய கேரளப் பகுதியைச் சேர்ந்த பணிக்கர், சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் ஆர். கோபால ஐயருடன் இணைந்து ஆய்வு செய்தார். சென்னையின் உவர்நீர் நிலைகளில் வாழும் விலங்குகள் பற்றி இருவரும் எழுதிய கட்டுரை 1937 இல் வெளியானது. மழைக்காலத்தில் நன்னீராகவும் கோடையில் கடல்நீரை விட உப்பு மிகுந்தும் மாறக்கூடிய கழிமுகத்தில் உயிரினங்கள் எவ்வாறு பிழைக்கின்றன என்ற வினா இவரது பிற்கால ஆய்வுகளுக்கு அடிப்படையாயிற்று.

இறால் ஆய்வு

பின்னர் இங்கிலாந்து சென்று, பிளைமவுத் கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் இறால்கள் தம் உடல்நீரின் உப்பளவைச் சமநிலையில் வைத்திருக்கும் முறையை ஆராய்ந்தார். வெப்பநிலை உயரும்போது உப்புக் குறைந்த நீரைத் தாங்கும் ஆற்றல் இறால்களுக்குக் கூடுகிறது என்பதை 1940 இல் நேச்சர் இதழில் வெளியான கட்டுரையில் எடுத்துக்காட்டினார். வெப்பமண்டலக் கழிமுகங்களிலும் ஆறுகளிலும் கடல்வழி வந்த உயிரினங்கள் மிகுந்திருப்பதற்கு இது ஒரு விளக்கமாக அமைந்தது.

இந்த ஆய்வுக்கு நடைமுறைப் பயனும் உண்டு. பினேயிட் இறால்களுள் பல இனங்கள் கடலில் முட்டையிடுகின்றன. அவற்றின் குஞ்சுகள் காயல்களுக்குள் நுழைந்து வளர்ந்து, முதிர்ச்சி அடையக் கடலுக்குத் திரும்புகின்றன. கொச்சிப் பகுதியில் நெல் அறுவடைக்குப் பின் பொக்காளி வயல்களில் நீரைத் தேக்கிப் பிடிக்கப்படுபவை இவ்விளம் இறால்களே. ஆகவே வயலில் பிடிப்பவரும், காயலில் வலை கட்டுபவரும், கடலில் இழுவலை இடுபவரும் ஒரே இருப்பையே பகிர்ந்துகொள்கின்றனர். ஓரிடத்தில் எடுக்கப்படும் முடிவு மற்றோரிடத்து மீனவரின் பிழைப்பைப் பாதிக்கக்கூடும். பணிக்கரும் எம். கிருஷ்ண மேனனும் இந்திய இறால் மீன்பிடிப்பு பற்றி எழுதிய விரிவான அறிக்கை 1956 இல் வெளியானது. இறால் ஏற்றுமதி வளரத் தொடங்கியிருந்த காலம் அது.

மண்டபம்

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947 இல் தொடங்கப்பட்டு, 1949 இல் இராமநாதபுரம் பகுதியிலுள்ள மண்டபம் முகாமுக்கு மாற்றப்பட்டது. ஒருபுறம் மன்னார் வளைகுடா, மறுபுறம் பாக்கு விரிகுடா என அமைந்த இவ்விடம் கடலாய்வுக்கு ஏற்றதாக இருந்தது. 1950களில் பணிக்கர் இதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். ஆயிரக்கணக்கான சிறு படகுகளில் வந்திறங்கும் மீன்களை மாதிரிக் கணக்கெடுப்பின் மூலம் மதிப்பிடும் முறை இந்நிறுவனத்தில் படிப்படியாக உருவாக்கப்பட்டது. 1954 இல் இந்திய மீன்வள ஆய்விதழ் வெளிவரத் தொடங்கியது. வெவ்வேறு கரைகளில் தனித்தனியே பணிபுரிந்தவர்கள் பிறர் கண்டறிந்தவற்றை அறிய இது வழிசெய்தது.

1958 இல் மண்டபத்தில் இந்தியக் கடல் உயிரியல் சங்கம் தோன்றியது. இறால், நண்டு, சிங்கி இறால் முதலான ஓடுடைய கணுக்காலிகள் பற்றிய கருத்தரங்கு ஒன்றை இச்சங்கம் 1965 சனவரியில் எர்ணாகுளத்தில் நடத்தியது. அப்போது பணிக்கர் மண்டபத்தில் இல்லை. எனினும் அங்கு வேரூன்றிய ஆய்வு மரபு அவருக்குப் பின்னும் தொடர்ந்தது.

அரசுப் பணி

1957 முதல் இந்திய அரசின் மீன்வள மேம்பாட்டு ஆலோசகராகப் பணியாற்றினார். இக்காலத்தில், 1961 இல், மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் பம்பாயில் நிறுவப்பட்டது. மாநில மீன்துறை அலுவலர்களுக்கு முறையான பயிற்சி அளிப்பது இதன் தொடக்ககால நோக்கமாகும். ஆய்வு முடிவுகள் கட்டுரைகளில் தங்கிவிடாமல், அவற்றை நடைமுறைப்படுத்தும் அலுவலரைச் சென்றடைவதற்கு இத்தகைய கல்வி தேவைப்பட்டது.

தேசியக் கடலாய்வு நிறுவனம்

1960களின் முதற்பாதியில் நடைபெற்ற பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில் இந்தியப் பங்களிப்பைப் பணிக்கர் வழிநடத்தினார். ஐ. என். எஸ். கிருஷ்ணா உள்ளிட்ட கப்பல்கள் இதில் பங்கேற்றன. பல நாட்டுக் கப்பல்கள் திரட்டிய மிதவையுயிரி மாதிரிகளைப் பகுத்தறியும் மையம் கொச்சியில் அமைந்தது. இம்முயற்சியின் தொடர்ச்சியாக 1966 சனவரி 1 அன்று தேசியக் கடலாய்வு நிறுவனம் உருவாக்கப்பட்டது. அதன் தலைமையகம் கோவாவில் உள்ளது.

பணிக்கர் 1977 இல் காலமானார்.