அலிக் ஐசக்ஸ்: காய்ச்சலுக்குள் ஒளிந்திருந்த காவலைக் கண்டவர்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் சிறுசேரி, நாவலூர், கேளம்பாக்கம் பகுதிகளில் குழந்தைகளிடையே காய்ச்சலும் இருமலும் மிகுதியாகின்றன. புறநோயாளர் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலர் முதலில் கேட்பது ஆன்டிபயாடிக் மருந்தையே. இன்ஃப்ளுயன்ஸா வைரஸை அம்மருந்து அழிக்காது. அதனை எதிர்ப்பது குழந்தையின் உடலே. எவ்வாறு என்பதை அறிய, மருத்துவர் அலிக் ஐசக்ஸின் வாழ்க்கை உங்களுக்குத் துணைபுரியும்.

ஐசக்ஸ் 1921-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அங்கேயே மருத்துவம் பயின்று 1944-இல் பட்டம் பெற்றார். பின்னர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், புகழ்பெற்ற அறிவியலாளர் பர்னெட்டிடம் இன்ஃப்ளுயன்ஸா வைரஸை ஆராய்ந்தார். அதன்பின் லண்டனில் இருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றினார்.

1957 மே மாதம், சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் வழியாக ஆசியக் காய்ச்சல் சென்னைத் துறைமுகத்தை அடைந்து நாடெங்கும் பரவியது. அதே ஆண்டில் ஐசக்ஸும் சுவிட்சர்லாந்து அறிவியலாளர் ஜீன் லிண்டன்மானும் தங்கள் கண்டுபிடிப்பை வெளியிட்டனர்.

ஒரு வைரஸ் தாக்கிய செல்லில் மற்றொரு வைரஸ் எளிதில் வளர்வதில்லை என்பது முன்பே தெரிந்திருந்தது. காரணம் தெரியவில்லை. இருவரும் வெப்பத்தால் செயலிழக்கச் செய்த இன்ஃப்ளுயன்ஸா வைரஸைக் கோழிக்கருச் சவ்வின் துண்டுகளுடன் சேர்த்து வைத்தனர். பின்னர் அந்த நீர்மத்தைப் புதிய சவ்வில் இட்டபோது, அதில் உயிருள்ள வைரஸின் வளர்ச்சி தடைப்பட்டது. செல்கள் சுரந்த அப்பொருளுக்கு இன்டர்ஃபெரான் எனப் பெயரிட்டனர்.

தூய வடிவில் பிரித்தெடுக்க இயலாததால், அப்படியொரு பொருள் உண்டா என்றே பலர் ஐயுற்றனர். ஐசக்ஸ் மனச்சோர்வாலும் பின்னர் மூளை இரத்தக்கசிவாலும் துன்புற்றார். ஆயினும் ஆய்வைக் கைவிடவில்லை. இன்டர்ஃபெரான் வைரஸை நேரடியாகக் கொல்வதில்லை. செல்லின் சொந்த மரபணுக்களை இயக்கியே காக்கிறது என்பதற்கான சான்று 1964-இல் அவரது ஆய்வகத்தில் ஜாய்ஸ் டெய்லரின் ஆய்வில் கிடைத்தது. 1967 ஜனவரியில், தம் 45-ஆம் வயதில் ஐசக்ஸ் காலமானார்.

இன்டர்ஃபெரான் நூற்றுக்கணக்கான மரபணுக்களை விழிக்கச் செய்கிறது என்பதை இன்று அறிவோம். இன்ஃப்ளுயன்ஸா தாக்கிய குழந்தையின் இரத்த வெள்ளணுக்களில் இவற்றின் செயல்பாடு உயர்கிறது. பாக்டீரியா நோயில் வேறு வகை மரபணுக்களே முன்னிற்கின்றன. முந்தைய தொற்றின் நினைவு இல்லாத சிறு குழந்தைக்கு இதுவே முதல் அரண். காய்ச்சலும் உடல்வலியும் பெரும்பாலும் இப்போராட்டத்தின் அறிகுறிகளே.

எனினும் எல்லாக் குழந்தைகளுக்கும் இவ்வரண் ஒரே வலிமையுடன் அமைவதில்லை. இன்டர்ஃபெரானைத் தூண்டும் ஐ.ஆர்.எஃப்.7 மரபணுவில் குறையுள்ள ஒரு குழந்தைக்கு இன்ஃப்ளுயன்ஸா உயிராபத்தாக முடியவிருந்ததை 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆகவே, உங்கள் குழந்தைக்கு மூச்சு வேகமாக வாங்கினாலோ, மூச்சிழுக்கையில் விலாப்பகுதி உள்வாங்கினாலோ, பால் அல்லது நீர் அருந்த மறுத்தாலோ, வலிப்பு அல்லது அளவுகடந்த சோர்வு தோன்றினாலோ காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். மருத்துவர் ஆலோசனையின்றி ஆன்டிபயாடிக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரினைத் தவிர்த்திடுங்கள். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கான ஆண்டுத் தடுப்பூசி குறித்து மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.