ஹர்ஷரின் சமயப்பொறை

பல தெய்வங்களை வழிபடும் நாட்டில், அரசன் ஒரு தெய்வத்தையே உயர்த்திப் பிறவற்றை ஒடுக்குவானாயின் விளைவது யாது? பண்டை எகிப்தின் வரலாறு இதற்கு விடை பகரும். கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டை ஆண்ட அக்கெனாத்தென் என்பான், கதிரவனின் வட்டமாகிய ஆத்தென் என்னும் தெய்வத்தையே போற்றினான். ஆமூன் என்னும் தெய்வத்தின் பெயரைக் கற்களிலிருந்து செதுக்கி நீக்குவித்தான். அவன் மறைந்தபின் ஆமூன் வழிபாடு மீண்டது. அவன் பெயரும் அவ்வாறே சிதைக்கப்பட்டது.

நம் நாட்டிலும் கதிரவன் உள்ளிட்ட பல தெய்வ வழிபாடுகளுக்கிடையே அரசாண்ட வேந்தர் ஒருவர் உண்டு. அவரே ஹர்ஷவர்த்தனர்.

ஹர்ஷர், தானேசுவரத்தை ஆண்ட பிரபாகரவர்த்தனரின் இளைய மைந்தர். தந்தையார் கதிரவனை வழிபட்டவர். தமையனார் இராஜ்யவர்த்தனர் புத்தரைப் போற்றியவர். ஹர்ஷரோ சிவபெருமானிடம் அன்பு பூண்டவர். 628-இல் அவர் வழங்கிய பன்ஸ்கேராச் செப்பேடு இம்மூன்றையும் ஒருங்கே கூறுகின்றது. ஒரே குடும்பத்தில் மூவகை வழிபாடுகள் பகையின்றி நிலவின.

தந்தையார் இறந்தபின் துயரங்கள் தொடர்ந்து வந்தன. மாளவ மன்னன், ஹர்ஷரின் தங்கை இராஜ்யஸ்ரீயின் கணவரைக் கொன்று அவளைச் சிறையிட்டான். அவனை வென்ற தமையனார், கௌட மன்னன் சசாங்கனின் வஞ்சனைக்கு இரையானார். 606-இல் இளம்பருவத்திலேயே ஹர்ஷர் அரசேற்றார். சிறையினின்று தப்பி விந்தியக் காட்டில் தீப்புக முனைந்த தங்கையைத் திவாகரமித்திரர் என்னும் பௌத்தத் துறவியின் துணையால் மீட்டார். பின்னர்க் கன்னோசியைத் தலைநகராக்கி வடநாட்டின் பெரும்பகுதியை ஆண்டார். தென்றிசை நோக்கிய அவரது படையைச் சாளுக்கிய வேந்தர் இரண்டாம் புலிகேசி தடுத்து நிறுத்தினார்.

நாளடைவில் ஹர்ஷரின் உள்ளம் பௌத்தத்தின்பால் மிகச் சாய்ந்தது. 643-இல் சீனத் துறவி யுவான் சுவாங்கைச் சிறப்பிக்கக் கன்னோசியில் பேரவை கூட்டினார். பொன்னாலான புத்தர் திருவுருவம் யானைமீது உலா வந்தது. ஹர்ஷரே இந்திரன் கோலம் பூண்டு உடன் சென்றார். தம் சமயம் புறக்கணிக்கப்பட்டதாகச் சிலர் மனம் புழுங்கினர். பேரவைக்கென எழுப்பிய கோபுரம் தீப்பற்றியது. ஒருவன் கத்தியுடன் மன்னர்மேல் பாய்ந்தான். ஹர்ஷர் அவனைத் தாமே பற்றினார். கொல்ல வேண்டாவெனத் தடுத்தார். சதி செய்தோரில் தலைவர்களைத் தண்டித்து, ஐந்நூற்றுவரை நாடு கடத்தி, ஏனையோரை மன்னித்தார். இவற்றை யுவான் சுவாங்கின் குறிப்புகளால் அறிகின்றோம்.

அதன்பின் பிரயாகையில், ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிகழும் கொடைவிழா நடைபெற்றது. முதல் நாள் புத்தருக்கும், இரண்டாம் நாள் கதிரவனுக்கும், மூன்றாம் நாள் சிவபெருமானுக்கும் வழிபாடு நிகழ்ந்தது. முதல் நாளின் காணிக்கையே பெரிது. மற்றை இரு நாள்களின் காணிக்கை அதில் பாதியே. எனினும் எத்தெய்வமும் விலக்கப்படவில்லை. பௌத்தர், அந்தணர், சமணர், வறியோர் ஆகிய அனைவரும் கொடை பெற்றனர். கருவூலம் வெறுமையாகவே, ஹர்ஷர் தம் அணிகலன்களையும் ஈந்து, தங்கையிடம் பழைய ஆடை ஒன்றை வாங்கி உடுத்துக்கொண்டார்.

647-ஆம் ஆண்டளவில் ஹர்ஷர் மறைந்தார். பட்டத்திற்கு மைந்தர் இன்மையால் பேரரசு சிதைந்தது; ஆயினும் அவர் புகழை எவரும் செதுக்கி நீக்கவில்லை.

பாவூர்சத்திரம் முதலிய ஊர்களின் மக்கள் ஆடித்தபசு காணச் செல்லும் சங்கரன்கோவிலில், சிவனும் திருமாலும் ஒரே திருவுருவாய்ச் சங்கரநாராயணராகக் காட்சி தருகின்றனர். மாணவர்களே! தம் தெய்வத்தைப் போற்றுதல் அன்பு. பிறர் தெய்வத்திற்கும் இடமளித்தல் பண்பு. இவ்விரண்டும் ஒருங்கே அமைதல் வேண்டும் என்பதே ஹர்ஷரின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.