டியூக் எலிங்டன்

அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில், 1899 ஆம் ஆண்டு, கறுப்பினக் குடும்பமொன்றில் எட்வர்டு எலிங்டன் பிறந்தார். அவருடைய உடையிலும் நடையிலும் விளங்கிய பெருமிதம் கண்டு, இளமைத் தோழர் அவரை ‘டியூக்’, அதாவது கோமகன், என்றழைத்தனர்.

1927 இல் நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் அவர்தம் ஜாஸ் இசைக்குழு இடம்பெற்றது. அங்கே இசைப்போர் கறுப்பர், கேட்போர் வெள்ளையர். ‘ஸ்விங்’ என்னும் துள்ளிசையால் அவர் புகழ் பரவிய பின்னும், தென்மாநில விடுதிகள் குழுவினர்க்கு இடந்தர மறுத்தன. எலிங்டன் தளர்ந்தாரல்லர், தனி இரயிற்பெட்டிகளை அமர்த்தி, அவர்கள் அவற்றிலேயே உண்டு உறங்க வழிசெய்தார்.

அதே நாடு 1963 இல் அவரை இசைத்தூதராகக் கீழ்நாடுகளுக்கு அனுப்பியது. அக்குழு சென்னையிலும் இசை வழங்கியது. 1974 இல் அவர் மறைந்தார். தோழர் விளையாட்டாய் இட்ட பெயரை உலகம் மதிப்புடன் வழங்குகின்றது.