அன்னையர் குருதிச்சோகை தீர்த்த லூசி வில்ஸ் அம்மையார்

கருவுற்ற தாய்க்குக் குருதிச்சோகை கடுமையாயின், குறைமாதத்திலேயே பிள்ளை பிறக்கவும், எடை குன்றிப் பிறக்கவும், தாயே உயிர் துறக்கவும் நேரக்கூடும். மருத்துவரை அணுக வழியற்ற ஏழைப் பெண்டிர்க்கு இத்துன்பம் மிகுதி. அவர்களுள்ளும் நம் சமுதாயத்துப் பெண்டிரின் உணவை ஆராய்ந்து மருந்து கண்டவர் லூசி வில்ஸ் அம்மையார் என்பதைப் பலரும் அறியார்.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்கு அருகே 10.5.1888 அன்று அவர் பிறந்தார். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் பயின்றார். பின்னர் இலண்டனில் மகளிர்க்கென அமைந்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1920இல் மருத்துவரானார். இறுதிவரை மணம் புரிந்துகொள்ளவில்லை.

1928இல் பேறுகால இறப்பு குறித்த ஆய்வுக்காகப் பம்பாய் வந்தார். ஹாஃப்கின் ஆய்வகமே அவரது பணிக்களம். ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகள் பலர் ஒருவகைக் கொடிய சோகையால் மடிந்துகொண்டிருந்தனர். கிருமியே காரணம் என்னும் ஐயம் முதலில் எழுந்தது. ஆய்வு அதனை மெய்ப்பிக்கவில்லை. அம்மையாரின் நோக்கு உணவின்பால் திரும்பியது. எவர் உண்பது மிகக் குறையுடையதோ அவரிடமே நோய் மிகுந்திருந்தது. அவ்வரிசையில் கடையில் நின்றோர் ஏழை முஸ்லிம் பெண்கள். குறை கோஷாவில் இல்லை, தட்டில்தான் இருந்தது என்பது இதனால் புலனாகும். அதே உணவை எலிகளுக்கு அளித்தபோது, சினையுற்ற எலிகள் சோகையுற்று, ஈனுமுன்பே மாண்டன.

தமிழகத்துக்கும் இவ்வாய்வில் பங்குண்டு. 1929இல் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் சில திங்கள் பணியாற்றினார். 1931இன் தொடக்கத்தில் சென்னையில், பர்தா பேணும் மகளிர்க்காகவும் 1885இல் மேரி ஷார்லீப் அம்மையார் முயற்சியால் தோன்றிய மருத்துவமனையில் ஆய்வு செய்தார். திருவல்லிக்கேணி மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என வழங்கும் கஸ்தூரிபா மருத்துவமனையே அது. ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய தாய்மாருக்கு அக்காலத்தில் அஃதொரு பெரும் புகலிடம்.

ஈரல் சாறு இச்சோகைக்குப் பயன்பட்டது. ஆயினும் அதன் விலை ஏழைக்கு எட்டாது. அம்மையார் மார்மைட்டை அளித்துப் பார்த்தார். மதுவாலைகளில் எஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து வடித்த மலிவான உணவுச்சாறு அது. விலக்கப்பட்ட பானத்தின் கழிவு பசித்த தாய்க்கு மருந்தானது விந்தையே! நோயாளியர் தேறினர். 1931இல் இம்முடிவைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்.

சாற்றிலிருந்த பொருள் யாதென அப்போது எவர்க்கும் தெரியாது. வில்ஸ் காரணி என்றே பெயர் வழங்கிற்று. 1941இல் அமெரிக்காவில் பசலை வகைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்றனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுவினர் அதனைச் செயற்கையாய் ஆக்கும் வழி கண்டதை 1945இல் அறிவித்தனர்.

அம்மையார் ஓய்வுக்குப் பின்னும் ஜமைக்கா, ஃபிஜித் தீவுகளில் சோகை ஆய்வைத் தொடர்ந்தார், 16.4.1964 அன்று மறைந்தார். 1970இல் இந்திய அரசு கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றும் இலவசமாய்த் தருகின்றனர். குமட்டுகிறது என்று அதனைப் பாதியில் நிறுத்திவிடும் தாய்மார் நம் தெருக்களில் உளர். அவர்களிடம் செவிலியர் வீடு தேடிச் சென்று பேச வேண்டியிருக்கிறது.